பனமலையில் கேமரா நடக்கட்டும்

அன்புள்ள தம்பிக்கு,

பனமலை தாளகிரீசுவரர் கோயிலை பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் மாடல் செய்து நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். விமானத்தின் அடுக்குகளும், ராஜசிம்ம பல்லவனுக்கே உரிய அந்தச் சிங்கத் தூண்களும் நன்றாக வந்திருக்கின்றன. கேமராதான் சரியில்லை. ஏரிமேல் பறந்து வருகிறது, விமானத்தை ஒரு வட்டம் அடிக்கிறது, வானத்துக்குப் போய்விடுகிறது. கல்யாண வீட்டு ட்ரோன்கூட இதைத்தான் செய்கிறது.

முதலில் சின்ன விஷயங்கள். கேமரா தன் பாதைக்கோட்டை விட்டுத் தள்ளி ஓடுகிறது என்றாய். கோட்டோடு கட்டும் ஃபாலோ பாத் போடுவதற்கு முன் கேமரா இருந்த இடத்தின் மதிப்பு இன்னும் அதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆல்ட்டையும் ஜி-யையும் சேர்த்து அழுத்திப் பூச்சியமாக்கு. கோட்டில் வந்து உட்கார்ந்துவிடும்.

வேகம் கெட்டது நீ தொடாமல் விட்ட ஓர் எண்ணால். பாதை எவ்வளவு நீளமானாலும் அதை 100 ஃபிரேமில் கடப்பதாகத்தான் பிளெண்டர் எடுத்துக்கொள்ளும். நொடிக்கு 24 ஃபிரேம் என்றால் நாலு நொடிச் சொச்சம். கோயிலைச் சுற்றி நீ போட்ட கோடு 40 மீட்டராவது இருக்கும். அந்த ஓட்டத்துக்கு உசேன் போல்ட்தான் வேண்டும்! கோயிலில் நடப்பவர் நொடிக்கு ஒரு மீட்டர் போனால் அதிகம். 100-ஐ 1000 ஆக்கு. கேமராவைத் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் வை. அங்கேதான் மனிதனுக்குக் கண் இருக்கிறது.

இனி பாதை. கோயில் கிழக்கு பார்த்தது. மற்ற மூன்று பக்கமும் விமானத்தோடு ஒட்டிச் சிறு சன்னிதிகள். வலம் வருகிறவருக்குத் தெற்கு முதலில், பிறகு மேற்கு, கடைசியில் வடக்கு. உன் கேமரா இடமாகச் சுற்றுகிறது! வீட்டில் பாட்டி பார்த்தால் சும்மா விடமாட்டார். அதைவிடப் பெரிய நஷ்டம், கடைசியில் வரவேண்டிய வடக்குச் சன்னிதி முதலிலேயே வந்து நழுவிவிடுகிறது. பார்வதி ஓவியம் அங்கேதான் இருக்கிறது.

அந்த ஓவியத்தை நன்றாகப் பார். தலையில் கிரீடம், மேலே குடை, ஒரு காலை மடித்துச் சாய்ந்து நிற்கிறாள். அவள் பார்ப்பது சிவனின் ஆட்டத்தை. ஆடுகிற சிவன் பெரும்பாலும் அழிந்துவிட்டார். சில கோடுகள்தான் மிச்சம். 1300 ஆண்டுகளாக அவள் பார்வை மட்டும் திசை மாறவில்லை.

கேமரா போகும் வழியையும் அது பார்க்கும் இடத்தையும் தனித்தனியாக வைக்கச் சொல்வது இதற்காகத்தான். எம்ப்டி என்ற உருவமற்ற குறி ஒன்றை வைத்து, டிராக் டு மூலம் கேமராவை அதன் பக்கம் திருப்பு. வடக்குச் சன்னிதி வாசலில் கேமரா நிற்கட்டும். கிராஃப் எடிட்டரில் நகர்வைக் காட்டும் கோடு அங்கே படிப்படியாகச் சாய்ந்து மட்டமாக வேண்டும். சட்டென்று முறிந்தால் சுவரில் மோதியதுபோல் இருக்கும். கேமரா நின்ற பிறகு எம்ப்டியை மட்டும் நகர்த்து: பார்வதியின் முகத்திலிருந்து, அவள் பார்க்கும் திசையிலேயே, உதிர்ந்த சுண்ணப் பூச்சு வரைக்கும். அங்கே ஐந்து நொடி தாராளமாக நிறுத்தலாம். சிவனை நீயே வரைந்து அந்த இடத்தை நிரப்ப ஆசை வரும். வேண்டாம், அப்புறம் அது பனமலை இல்லை, உன் கற்பனை.

அடுத்த முறை டெக்ஸ்ச்சர், வெளிச்சம் எதுவும் வேண்டாம். சாம்பல் நிற மாடலில் கேமரா நடப்பதை மட்டும் அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்