பிறந்து நூறாண்டே ஆன வானொலி மண்டலம்

லிட்டில் இந்தியா எம்ஆர்டி நிலையத்திலிருந்து இரண்டு ரயில்கள் ஒரே நேரத்தில் புறப்படுகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று ஹார்பர்ஃபிரண்ட் பக்கம் போகிறது, மற்றொன்று பொங்கோல் பக்கம் போகிறது. இரண்டுக்கும் சராசரி வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர். இப்போது அவற்றுக்கு இடையே 8 கிலோமீட்டர் இடைவெளி. அவை புறப்பட்டு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

இடைவெளி மணிக்கு 80 கிலோமீட்டர் வீதம் கூடுகிறது. 8ஐ 80ஆல் வகுத்தால் பத்தில் ஒரு மணி நேரம், அதாவது 6 நிமிடம். வானியலாளர்கள் இதே கணக்கைக் கொண்டுதான் வானொலி மண்டலங்களின் வயதைக் கணிக்கிறார்கள்.

வானொலி மண்டலம் என்றால் என்ன? பெரிய விண்மீன் மண்டலங்களின் நடுவில் மிகப் பெரிய கருந்துளை ஒன்று இருக்கும். அதை நோக்கி வாயு சுழன்று விழும்போது, ஒரு பகுதி எதிரெதிர்த் திசைகளில் இரண்டு தாரைகளாகப் பீறிட்டு வெளியேறுவது உண்டு. தாரைகள் சுற்றியுள்ள வாயுவில் மோதி இரண்டு மடல்களாக உப்புகின்றன. மடல்களில் உள்ள எலக்ட்ரான்கள் காந்தப் புலத்தில் சுழன்று வானொலி அலைகளை வெளியிடுகின்றன. சென்டாரஸ் ஏ என்ற வானொலி மண்டலத்தின் மடல்கள் ஒரு மில்லியன் ஒளியாண்டுக்கும் மேல் நீண்டிருக்கின்றன.

ஆனால் வானில் மிகச் சிறிய வானொலி மண்டலங்களும் உண்டு. அளவை அறிவதே முதல் சவால். தமிழ்நாட்டில் உதகமண்டலத்தின் மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத் தொலைநோக்கியை கோவிந்த் ஸ்வரூப் தலைமையிலான குழு கட்டியது. 1970இல் அது செயல்படத் தொடங்கியது. நிலவு ஒரு வானொலி மூலத்தை மறைக்கும்போது சமிக்ஞை சட்டென்று நின்றால் மூலம் சிறியது, மெல்ல மெல்லக் குறைந்தால் பெரியது. இந்த முறையில் அங்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட மூலங்கள் ஆராயப்பட்டன.

சிறியது என்பதாலேயே இளையது என்று சொல்லிவிடலாமா? கூடாது. சுற்றியுள்ள அடர்ந்த வாயு தாரைகளை வெளியே விடாமல் முடக்கி வைத்திருந்தால், வயதான மண்டலமும் சிறியதாகவே இருக்கும். இங்குதான் ரயில் கணக்கு கைகொடுக்கிறது. வெகு தொலைவில் உள்ள பல வானொலித் தொலைநோக்கிகளை ஒன்றாக இணைத்து, பல ஆண்டுகள் இடைவெளி விட்டுப் படம் எடுத்தால், மடல்கள் விலகுவதை நேரடியாக அளக்கலாம். பிகேஎஸ் 1718-649 என்ற மண்டலத்தில் மடல்களின் மொத்த நீளம் 10 ஒளியாண்டுக்கும் குறைவு. கணக்கிட்டால் வயது ஏறத்தாழ 100 ஆண்டுதான்.

இளைய மண்டலங்கள் காமா கதிர்களையும் வெளியிட வேண்டும் என்று கோட்பாடு கூறியது. வேகமாகச் சுழலும் மட்டை, மெதுவாக வரும் பந்தை விளாசி அனுப்புவதுபோல, ஒளியின் வேகத்தை நெருங்கும் எலக்ட்ரான்கள் சாதாரண ஒளித்துகள்களில் மோதி, அவற்றின் ஆற்றலைப் பல மில்லியன் மடங்கு உயர்த்திவிடும்.

காமா கதிர்களை நம் காற்று மண்டலம் தடுத்துவிடுகிறது. அதனால் 2008இல் ஃபெர்மி விண்வெளித் தொலைநோக்கி ஏவப்பட்டது. அது பூமியை ஒரு முறை சுற்ற ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஆகும். அதன் பாதை சிங்கப்பூரின் அட்சரேகையையும் கடந்து செல்கிறது. ஏழு ஆண்டுத் தரவுகளைச் சேர்த்துப் பார்த்த பிறகே, பிகேஎஸ் 1718-649 காமா கதிர் வெளியிடுவதை ஜூலியா மிக்லியோரியின் குழு 2016இல் அறிவித்தது. இளைய வானொலி மண்டலம் ஒன்றில் காமா கதிர் உறுதியானது அதுவே முதல் முறை.

அந்தக் கதிர் மடல்களிலிருந்து வருகிறதா, கருந்துளையின் அருகிலிருந்து வருகிறதா? சென்டாரஸ் ஏ வானில் மிகப் பெரிதாகத் தெரிவதால், அதன் மடல்களை ஃபெர்மியால் தனியே பிரித்துக் காண முடிந்தது. இளைய மண்டலமோ அதற்கு வெறும் ஒரு புள்ளி. டிஎக்ஸ்எஸ் 0128+554 என்ற மற்றோர் இளைய மண்டலத்தில் கதிர் நடுப்பகுதியிலிருந்து வருவதாகவே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அங்கு தாரைகள் சில பத்தாண்டுகள் பாய்ந்து, இடையில் நின்று, மீண்டும் தொடங்கியிருக்கின்றன. ஆகவே, பிறக்கும் எல்லா வானொலி மண்டலங்களும் சென்டாரஸ் ஏ போல வளர்ந்துவிடுவதில்லை. சில இளமையிலேயே ஓய்ந்துவிடலாம்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். பிகேஎஸ் 1718-649 ஏறத்தாழ 200 மில்லியன் ஒளியாண்டு தொலைவில் உள்ளது. "வயது 100" என்பது அந்த ஒளி புறப்பட்டபோது இருந்த வயது. இன்று அது என்ன ஆனது என்பதை நாம் பார்க்க முடியாது. ஜூன் மாத நடுவில், நள்ளிரவு தாண்டி ஒரு மணி அளவில் தெற்கே திரும்பி நில்லுங்கள். அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 24 பாகை உயரத்தில் அது இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் திசை அதுதான்.

முயன்று பாருங்கள்: இரு மடல்களின் இடைவெளி 12 ஒளியாண்டு. அந்த இடைவெளி, ஒளியின் வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கு வேகத்தில் கூடுகிறது. வயது என்ன? (விடை: 60 ஆண்டு)