ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்?

‘பொன்னியின் செல்வன்’ (2022, 2023) பார்த்த நம்ம வகுப்பில் ஒரே சண்டை, கரிகாலனைக் கொன்றது நந்தினியா என்று. நந்தினி, கல்கியின் கற்பனை. கொலை நிஜம்! சாட்சி நம்ம கடலூர் மாவட்டத்திலேயே இருக்கு.

காட்டுமன்னார்கோவில் பக்கம், உடையார்குடி அனந்தீசுவரர் கோவில் கல்வெட்டுதான் அது. ராஜராஜனின் 2-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்ற சகோதரர்களைத் துரோகிகள் என்கிறது. அவர்கள் சொத்து மட்டுமா? மனைவி, மக்கள், பெண் கொடுத்த மாமன்மார் சொத்தையும் பறிக்க உத்தரவு. மாமனார் என்ன செய்தார், பாவம்!

ஏன் கொன்றார்கள் என்று கல்லில் இல்லை. கரிகாலன் வீரபாண்டியனின் தலையைக் கொண்டவன். அதற்குப் பழி வாங்கினார்கள் என்பது ஆராய்ச்சியாளர் பலரின் ஊகம்.