தேக்கில் தமிழ் எழுத்து: மூலை கெடாமல் அறுக்க

வாசலில் மாட்டத் தேக்கிலோ வேங்கையிலோ தமிழ்ப் பெயர்ப்பலகை வெட்டிக்கொள்ள, மேசையில் வைத்து ஓட்டும் சின்ன ஸ்க்ரோல் சா போதும். வளைவுகள் பழகப் பழகக் கைக்கு வந்துவிடும். திணறடிப்பது மூலைதான். ட, ப, ம, ய என்று செங்கோண மூலைகளுக்கு நம் எழுத்தில் பஞ்சமே இல்லை. பிளேடு திரும்ப இடம் வேண்டும். அதைக் கழிவுக் கட்டையிலிருந்து எடுக்க வேண்டும், எழுத்திலிருந்து அல்ல. கீழே உள்ள குறிப்புகளில் பாதி இதற்காகத்தான்.

1. வடசென்னையில் மாத்தூர், மணலி பக்கம் கன்டெய்னர்களோடு வந்திறங்கும் பாலெட் கட்டையை எடுக்கிறீர்களா? முதலில் முத்திரையைப் பாருங்கள். எச்.டி. என்றிருந்தால் மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் சூடு 30 நிமிடம் ஏற்றியது, எடுக்கலாம். எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, வீட்டுக்குள் வேண்டாம். பாலெட்டில் பெரும்பாலும் பைன்தான் இருக்கும், எழுத்து வெட்ட அது மென்மை. இடித்த வீட்டு நிலைக்கட்டைத் தேக்கு இதைவிடப் பல மடங்கு மேல். உள்ளே ஒடிந்த ஆணி இருக்கும். காந்தத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு மெஷினில் வையுங்கள்.

2. 18 மி.மீ. தேக்குக்கு நம்பர் 5 பிளேடு, அதாவது ஏறக்குறைய 1 மி.மீ. அகலம். 6 மி.மீ. பலகை என்றால் நம்பர் 2 அல்லது 3. நெருக்கமான மூலைக்கு மெல்லிய பிளேடு நல்லதுதான், ஆனால் தடித்த கட்டையில் அது வளைந்து போகும். எல்லாப் பக்கமும் பல் உள்ள முறுக்கு பிளேடைக் கடைக்காரர் பரிந்துரைப்பார். வாங்காதீர்கள். அதன் அறுப்பு அகலம், மூலை மொட்டையாகிவிடும்.

3. முனையில் ஊசி இல்லாத பிளேடு போடும் மெஷினாகப் பார்த்து வாங்குங்கள். ழ, ண போன்ற எழுத்துகளின் உட்குழிக்குள் பிளேடை நுழைக்க 2 மி.மீ. துளையே போதும். ஊசி பிளேடுக்குத் துளை இரண்டு மடங்குக்கு மேல் பெரிதாக வேண்டும், சின்ன எழுத்தில் அதற்கு இடமே இருக்காது. துளை போடும்போது அடியில் ஒரு வேண்டாத பலகை இருக்கட்டும், சிம்பு பெயராது.

4. பிளேடை விறைப்பாக ஏற்றுங்கள். விரலால் சுண்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும், பக்கவாட்டில் தள்ளினால் 3 மி.மீ.க்கு மேல் நகரக் கூடாது. தொய்ந்த பிளேடால் மேலே கோட்டின் மேல் போவதும் அடியில் விலகிப் போவதும் கடின மரத்தில் சகஜம். முதல் மூலையை முடித்ததும் கட்டையைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்துவிடுங்கள்.

5. புது பிளேடின் முதுகு சதுரமாக இருக்கும். திரும்பும்போது அதன் விளிம்புகள் மரத்தில் உரசிச் சிக்கும். கண்ணாடி அணிந்து, மெஷினை மெதுவாக ஓட்டி, பிளேடின் பின்புறத்தில் கார்போரண்டம் கல்லை லேசாக ஒட்டி, இரு விளிம்பையும் வளைவாகத் தேய்த்து விடுங்கள். அரை நிமிட வேலை. இந்த வரிசையில் மிக அதிகப் பலன் தருவது இதுதான். 1954-ல் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சலின் ஆலை நமக்குப் பக்கத்தில் திருவொற்றியூரிலேயே இருக்கிறது. இந்த வட்டாரப் பட்டறைகளுக்கு அந்தக் கல் புதிதல்ல.

6. உள்மூலை (ப-வின் அடியில் உள்ள இரண்டு மூலைகள்): கோட்டோடு மூலை வரை அறுத்து நிறுத்துங்கள். வந்த வழியே 5 மி.மீ. பின்வாங்கி, கழிவுப் பக்கமாக ஒரு வளைவு போட்டு அடுத்த கோட்டைப் பிடித்து மேலே போங்கள். கழிவு விழுந்தபின் மூலையில் முக்கோணமாக ஒரு துணுக்கு மிஞ்சும். அதை எதிர்ப்பக்கமிருந்து வந்து வெட்டுங்கள். இரு பக்கமும் நேராக வந்து சந்திப்பதால் மூலை உளியால் செதுக்கியதுபோல் நிற்கும்.

7. வெளிமூலை: மூலையில் திரும்பவே வேண்டாம். நேராகத் தாண்டிக் கழிவுக்குள் போய் ஒரு வட்டம் அடித்து, அடுத்த கோட்டுக்குள் நுழையுங்கள். அதற்காகவே எழுத்துகளுக்கு இடையில் 10 மி.மீ. விட்டு வரையுங்கள்.

8. வட்டமடிக்க இடமில்லாவிட்டால் நின்ற இடத்தில் சுழற்றலாம். முன்னால் தள்ளுவதை நிறுத்தி, பிளேடின் முதுகு மரத்தில் படும்படி லேசாகப் பின்னுக்கு இழுத்து, கட்டையை விரைந்து திருப்புங்கள். தயங்கினால் அந்த இடம் கருகும்.

9. கருகலைத் தடுக்க வேகத்தைக் குறையுங்கள். எழுத்தை வரைந்து கட்டையில் ஒட்டிய தாளின் மேல் பார்சல் டேப் ஒட்டுங்கள். பிளேடில் மெழுகுவத்தி தடவலாம். எண்ணெய் ஆகாது, மரத்தில் கறை ஏறும்.

10. தேக்கில் மணல் போன்ற சிலிக்கா உண்டு. பல் சீக்கிரம் மழுங்கும். கை அழுத்தத் தொடங்கினால் பிளேடை மாற்றிவிடுங்கள். பிளேடு மிச்சம் பிடித்துக் கட்டையை இழப்பது நஷ்டம்.

11. ஒற்றைக்கொம்பின் மெல்லிய பகுதி நார் குறுக்காக ஓடினால் உடையும். நார் அதன் நீளவாக்கில் வருமாறு தாளைத் திருப்பி ஒட்டுங்கள்.

12. மூலையை உப்புத்தாளால் தேய்த்தால் கூர்மை போய்விடும். சின்ன முக்கோண அரத்தால் இரண்டு இழுப்பு போதும்.

13. மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. தேக்கு, ஈட்டித் தூளில் தோல் அரிப்பும் வரும். என்95 முகமூடி போடாமல் மெஷினை ஓட்டாதீர்கள். குழந்தைகள் இருக்கும் அறையில் ஓட்டவே வேண்டாம்.

14. எண்ணூர்க் கடற்காற்றில் உப்பு அதிகம். மெஷினின் மேசைத் தட்டுக்கு மெழுகு பூசி வையுங்கள். பிளேடுகளை எண்ணெய்த் துணியில் சுற்றி மூடியுள்ள டப்பாவில் போட்டு, பொருத்துமுன் துடைத்துவிடுங்கள்.