தோல் ஆலைக்கு ஏற்ற பம்பு எது?

தண்ணீர் இறைக்கும் பம்பைப் பற்றித் திண்டுக்கல் பக்கத்து மாணவருக்குப் பாடம் சொல்ல வேண்டியதில்லை. கிணற்றின் ஆழம், குழாயின் அளவு, மோட்டாரின் குதிரைத் திறன் ஆகியவற்றைக் கடைக்காரரிடம் சொன்னால் போதும். பம்பு வீடு வந்து சேரும். (பாடநூல்கள் இதை 'எக்கி' என்கின்றன. பட்டறையில் அப்படிக் கேட்டால் யாரும் எடுத்துத் தரமாட்டார்கள். ஆகவே பம்பு என்றே எழுதுகிறேன்.) ஆனால் இதே கணக்கைத் தோல் பதனிடும் ஆலைக்குள் கொண்டு செல்ல முடியாது. குதிரைத் திறனைக் கேட்குமுன் அங்கே திரவம் எது என்று கேட்டாக வேண்டும்.

நம் ஊரைச் சுற்றியுள்ள தோல் ஷாப்புகளைப் பற்றி நாம் பெரும்பாலும் பேசுவது கிணற்று நீர் கெட்டதைத்தான். 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் வழங்கிய தீர்ப்பிலும் திண்டுக்கல் இடம்பெற்றது. 13 கிராமங்களில் ஆய்ந்த 467 கிணறுகளில் 350 கெட்டுவிட்டன என்ற கணக்கு அதில் உள்ளது. ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் நீர் செலவாகிறது என்றும் அதே தீர்ப்பு கூறுகிறது. அந்த நீரை ஆலைக்குள் தொட்டிக்குத் தொட்டி நகர்த்துவது பம்பு. அதன் அருகே நிற்பவர் தொழிலாளி.

தோலிலுள்ள மயிரை நீக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் சேர்ந்த காரக் கரைசல் பயன்படுகிறது. பின்னர், குரோமியம் ஏற்றுவதற்கு முன், உப்பும் கந்தக அமிலமும் கலந்த நீரில் தோல் ஊறுகிறது. ஒன்று கடும் காரம், மற்றது அமிலம். இரண்டுக்கும் ஒரே உலோகம் தாங்குமா? தாங்காது. வயலுக்கு வாங்கும் பம்புகள் பலவற்றில் இம்பெல்லர் வெண்கலத்தால் ஆனது. சல்ஃபைடு செம்பைப் பற்றிக் கருக்கி அரித்துவிடும். வார்ப்பிரும்பு காரத்தைத் தாங்கும். நீர்த்த அமிலத்தில் கரையும். துருப்பிடிக்காத எஃகு என்று நம்பி வாங்கினாலோ, அமிலத்தோடு இருக்கும் உப்பிலுள்ள குளோரைடு அதில் ஊசி குத்தினாற்போல் குழி பறிக்கும். இந்த இடத்துக்கு விலை மலிந்த பாலிபுரொப்பிலீன் பம்பே பொருத்தம்.

அடர் கந்தக அமிலத்தின் நடத்தை விந்தையானது. நீர்த்த அமிலத்தில் கரையும் இரும்பு, 98 விழுக்காட்டு அமிலத்தில் தன் மேல் இரும்பு சல்ஃபேட் படலம் ஒன்றைப் போர்த்திக்கொண்டு தப்பிவிடுகிறது. வேகமாக ஓடும் அமிலம் அப்படலத்தைக் கிழித்துவிடும். நிறுத்தி வைத்த பம்பில் எஞ்சிய அமிலமோ காற்றின் ஈரத்தை உறிஞ்சித் தானே நீர்த்துப்போய் அரிப்பைத் தொடங்கும்.

அதன் எடையையும் மறக்கக் கூடாது. அடர் அமிலத்தின் ஒப்படர்த்தி 1.84. வினாடிக்கு 3 லிட்டரை 10 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற, நீரானால் 294 வாட் வேண்டும். பம்பின் பயனுறுதிறன் 50 விழுக்காடு எனக் கொண்டால் 588 வாட். ஒரு குதிரைத் திறன் 746 வாட் ஆதலால் நீருக்கு அது போதும். அமிலத்துக்கு 1,082 வாட் தேவை. அதே மோட்டாரைப் பூட்டினால் சுருள் கருகும்.

இனி, பொருளின் அரிப்பைவிட முக்கியமான ஒன்று. செலவை மிச்சப்படுத்த ஒரே பம்பைக் காலையில் சுண்ணாம்புத் தொட்டிக்கும் மாலையில் அமிலத் தொட்டிக்கும் மாற்றினால் என்ன ஆகும்? சோடியம் சல்ஃபைடு அமிலத்தோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு வெளிப்படும். 2 அங்குலக் குழாய் 10 மீட்டர் நீளத்தில் ஏறத்தாழ 20 லிட்டர் கொள்ளும். அதில் தங்கிய கரைசலில் லிட்டருக்கு 5 கிராம் சல்ஃபைடு என வைத்துக்கொண்டால் மொத்தம் 100 கிராம். அது முழுவதும் வினைபுரிந்தால் சுமார் 30 லிட்டர் வாயு. நான்கு மீட்டருக்கு மூன்று மீட்டர், இரண்டரை மீட்டர் உயரமுள்ள பம்பு அறையில் அது பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு. நூறு பங்கிலேயே மோப்ப உணர்வு மரத்து அழுகிய முட்டை நாற்றம் தெரியாமல் போகும். ஆயிரத்தில் சில மூச்சுகளிலேயே மனிதர் சாய்ந்துவிடுவார். வாயு காற்றைவிடக் கனமானதால் பள்ளத்தில் தேங்கும். நாகல் நகரில் சாயத் தொட்டியருகே வளர்ந்தவர்கள் அலசாத பாத்திரத்தில் அடுத்த நிறத்தைக் கலக்கமாட்டார்கள். அங்கே கெடுவது நூல். இங்கே போவது உயிர். ஆகவே இரண்டு திரவத்துக்கும் பம்பு வேறு, குழாய் வேறு, வடிகாலும் வேறாக இருத்தல் வேண்டும்.

பம்பு அடைத்துக்கொள்வதும் சிறு குறையன்று. அடைப்பை எடுக்க யாராவது குழிக்குள் இறங்குவார். 2025 பிப்ரவரியில் கொல்கத்தா அருகே பந்தலா தோல் வளாகத்தில் சாக்கடைக் குழிக்குள் மூன்று தொழிலாளர்கள் மாண்டனர். மயிரும் சதைத் துணுக்கும் வரும் கழிவுக்கு இம்பெல்லர் பின்னொதுங்கி நிற்கும் வகை நல்லது. நெருங்கிய இதழ்களில் மயிர் திரிந்து கயிறாகிவிடும்.

தண்டு வெளியே வரும் துளையும் கசிவுக்கு வாசலே. கிளாண்டுக் கயிறு சொட்டுச் சொட்டாகக் கசிவதைத் தண்ணீர்ப் பம்பில் பொறுக்கலாம், அமிலத்தில் பொறுக்க முடியாது. காந்தத்தால் சுழலும் பம்பில் அத்துளையே இல்லை. எனினும் சுண்ணாம்புத் துகள் அதன் தாங்கிகளைத் தேய்த்துவிடும் என்பதால் அதைத் தெளிந்த அமிலத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். சுண்ணாம்புக் குழம்புக்கு அழுத்தக் காற்றில் இயங்கும் இரட்டைச் சவ்வுப் பம்பு உகந்தது. தொட்டி வற்றினாலும் அது கெடுவதில்லை. வெளிவாயை அடைத்தால் தானே நின்றுவிடும். சவ்வு கிழிந்தால் கரைசல் காற்று வழியாக வெளியே தெறிக்கும். அந்தப் புறப்போக்குக் குழாயின் வாயை ஆள் நடமாடும் பக்கம் திருப்பாமல், தொட்டியின் பக்கம் திருப்பி வைத்துப் பூட்ட வேண்டும்.