சாவா மூவா விமானம்

ஆவடி என்றதும் 1955ஆம் ஆண்டுக் காங்கிரஸ் மாநாடும், கனரக வாகனத் தொழிற்சாலையில் 1965இல் உருவான விஜயந்தா டாங்கியும் நம் நினைவுக்கு வருகின்றன. பணி ஓய்வு பெற்ற விஜயந்தாக்கள் இன்று பல ஊர்களில் மேடையேறி நிற்கின்றன. மேடையில் நிற்பதற்கு அவ்வப்போது பூசும் வண்ணமே போதும். பழைய படை விமானம் ஒன்று பறந்துகொண்டே இருக்க வேண்டுமெனில் அது போதாது. அதற்கெனத் திரட்டும் நிதி யாரைச் சென்றடைய வேண்டும் என்பதே நாம் ஈண்டு ஆராயும் பொருள்.

நம் நாட்டில் இதற்கு அண்மைச் சான்று டக்கோட்டா விமானம். 1947 அக்டோபர் 27 அன்று சீக்கியப் படைப்பிரிவின் வீரர்கள் டக்கோட்டாக்களில் ஸ்ரீநகர் சென்று இறங்கினர். அவ்வகை விமானம் ஒன்றை இராஜீவ் சந்திரசேகர் தம் செலவில் வாங்கி, இங்கிலாந்தில் செப்பனிடச் செய்து, 2018இல் இந்திய விமானப் படைக்கு அன்பளிப்பாக வழங்கினார். அவர்தம் தந்தையார் விமானப் படையில் டக்கோட்டா ஓட்டியவர். 'பரசுராமா' எனப் பெயர் பெற்ற அவ்விமானம் அவ்வாண்டிலேயே பறந்து இந்தியா வந்து சேர்ந்தது. வாங்கித் தருவதற்கு ஒரு வள்ளல் போதும். பேணும் பொறுப்பையோ ஒரு படையே ஏற்றுக்கொண்டது. அத்தகைய புரவலர் வாய்க்காத விமானங்களின் நிலை யாது?

இவ்வினாவுக்கு நம் முன்னோர் என்றோ விடை கண்டுள்ளனர். நந்தா விளக்கு எரிக்க 90 அல்லது 96 ஆடுகளைக் கொடையளித்த செய்தி சோழர் காலக் கல்வெட்டுகளில் மிகுதி. அவை 'சாவா மூவாப் பேராடு' எனப்பட்டன. ஆடு சாகாதா, மூப்படையாதா என்று மாணவர் நகைப்பதுண்டு. ஆடு சாகும்; மந்தையின் எண்ணிக்கை குறையாது. இடையன் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளப்பான்; எஞ்சிய பயன் அவனுக்கே உரியது. விளக்கு அணையாமைக்குக் காரணம் கொடையின் பெருமை மட்டுமன்று. காப்பவன் பிழைக்க வழி செய்திருந்ததும் ஆகும்.

வக்ஃபு முறையும் இத்தகையதே. உமர் (ரலி) அவர்கள் கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் அறிவுரை கேட்டார்கள். நிலம் விற்கப்படாமலும் வாரிசுக்குப் போகாமலும் நிலைத்திருக்க, விளைச்சல் மட்டும் அறத்திற்குச் செல்லலாயிற்று. அதனைப் பராமரிப்பவர் நியாயமான அளவில் உண்பதற்கும் அதில் இடமிருந்தது.

இனி, 1960இல் முதன்முதல் பறந்த பிரிட்டனின் 'வல்கன்' குண்டுவீச்சு விமானத்தைக் காண்போம். எக்ஸ்.எச்.558 என்னும் எண் கொண்ட அது 1993இல் படையின் பணியிலிருந்து நீங்கியது. பின்னர் ஓர் அறக்கட்டளை, மரபுரிமை லாட்டரி நிதியின் உதவியோடும் பொதுமக்கள் நன்கொடையோடும் அதனைச் செப்பனிட்டது. 2006இல் பணம் தீர்ந்து பணியே நிற்கும் நிலையில், ஜாக் ஹேவார்டு என்னும் செல்வர் 5 இலட்சம் பவுண்டு ஈந்தார். 2007 அக்டோபர் 18 அன்று அது மீண்டும் வானேறியது. எனினும் நிலையான முதல் இல்லை. பறக்கும் ஆண்டு ஒவ்வொன்றிலும் புதிதாகக் கையேந்த வேண்டியிருந்தது. 2012இல் ஈரம் உறிஞ்சும் சிறு பை ஒன்று எஞ்சினுக்குள் இழுக்கப்பட்டு, இரண்டு எஞ்சின்கள் ஒருங்கே பாழாயின. அந்த இழப்பையும் அன்பர்கள் ஈடுசெய்தனர் என்பது வியப்பே.

ஆயினும் 2015 அக்டோபர் 28 அன்று அதன் இறுதிப் பறப்பு நிகழ்ந்தது. பணம் இல்லாமையால் அன்று. பறக்கத் தகுதியுடையது எனத் தொழில்நுட்பப் பொறுப்பேற்று வந்த நிறுவனங்கள் விலகிக்கொண்டன. அவ்வகை விமானத்தை அறிந்த பொறியாளர்கள் மூத்து ஓய்வு பெற்றுவிட்டமையே அதற்குப் பெருங்காரணம். உலோகத்திற்குப் பணம் வந்தது; அடுத்த தலைமுறைக் கைகளைப் பழக்குவதற்கு வரவில்லை. டக்கோட்டாவோ ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டது. அதை அறிந்தோர் இன்றும் பல நாடுகளில் உளர்.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் கடைசல் பட்டறைகளில் எந்த உறுப்பையும் அளவு பிசகாமல் கடைந்து தரும் முதியோர் இருக்கின்றனர். அவர்களிடம் தொழில் பயிலும் இளைஞனுக்கு உதவித்தொகை வழங்கும் கொடையாளர் நம்மிடையே எத்துணைப் பேர்?