பள்ளிகளை ஒப்பிடும் முறை



முதலாம் ஆண்டு மாணவர் பதிவு தொடங்கும் காலத்தில் ஒரு கேள்வி தவறாமல் நம் செவிகளில் விழுகின்றது. "இம்மாவட்டத்தில் எந்தப் பள்ளி நல்ல பள்ளி?" என்பதே அக்கேள்வி. கேட்பவர் தம் பிள்ளையின் ஆறாண்டுக் கல்வியை மனத்திற்கொண்டு கேட்கின்றார்; ஆதலால் அது வீண் கேள்வி அன்று. ஆயினும், கிடைக்கும் விடை பெரும்பாலும் ஒற்றை எண்ணாகவே இருக்கின்றது. "அந்தப் பள்ளி 80 விழுக்காடு; இந்தப் பள்ளி 74தான்" என்று சொல்லி முடித்துவிடுகின்றனர். அச்சொல்லை நம்பி மூன்று குடும்பங்கள் தம் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு அனுப்பினால், தோட்டப்புறத்துச் சிறு பள்ளி ஒன்றில் அவ்வாண்டு முதலாம் வகுப்பே இல்லாமற் போகலாம். எனவே, பள்ளிகளை நேர்மையாக ஒப்பிடுவது எவ்வாறு என்பதை இப்பாடத்தில் காண்போம்.

1. ஒப்பிடப்படும் பள்ளிகள்

மலேசியாவில் தேசியப் பள்ளி, தேசிய மாதிரிச் சீனப்பள்ளி, தேசிய மாதிரித் தமிழ்ப்பள்ளி ஆகிய மூவகைத் தொடக்கப்பள்ளிகளும் நாட்டின் கல்வி அமைப்பைச் சேர்ந்தவை. ஒரு மாவட்டத்தில் உள்ள இவற்றை மாவட்டக் கல்வி அலுவலகம் மேற்பார்வை செய்கின்றது. ஆனால், இவற்றின் பிறப்பும் வளர்ப்பும் ஒன்றல்ல. தமிழ்ப்பள்ளிகள் பல, ரப்பர்த் தோட்டங்களில் தொழிலாளர் பிள்ளைகளுக்காகத் தோன்றியவை. 1957ஆம் ஆண்டில் 888ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகளின் எண்ணிக்கை இன்று ஏறத்தாழ 530 ஆகும். தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பால்மரம் இருந்த இடத்தில் செம்பனை வந்தது, மக்கள் பட்டணங்களுக்குக் குடிபெயர்ந்தனர். இதனால் தோட்டப் பள்ளிகளில் மாணவர் குறைந்தனர். பட்டணப் பள்ளிகளில் இடம் போதவில்லை. ஆகவே, ஒரு பள்ளியில் மாணவர் குறைந்திருப்பதைக் கண்டவுடன் கற்பித்தல் குறைந்துவிட்டது என்று முடிவு செய்தல் தவறாகும்.

2. தேர்வு முடிவும் அதன் எல்லையும்

யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 1988ஆம் ஆண்டு தொடங்கி 2019ஆம் ஆண்டுவரை நடைபெற்றது. 2021ஆம் ஆண்டில் அது நீக்கப்பட்டது. அத்தேர்வு நடைபெற்ற காலத்தில், எல்லாப் பாடங்களிலும் 'ஏ' பெற்றோர் எத்தனை பேர் என்பதே பள்ளிகளின் அளவுகோலாக விளங்கிற்று. ஆனால், 2015ஆம் ஆண்டில் தேசியப் பள்ளி மாணவர் 5 'ஏ' பெற்றால் முழுத் தேர்ச்சி. தமிழ்ப்பள்ளி மாணவருக்கோ 7 'ஏ' தேவைப்பட்டது. 2016ஆம் ஆண்டில் அவை முறையே 6, 8 ஆயின. தமிழ்மொழித் தாள்கள் கூடுதலாக இருந்தமையே இதற்குக் காரணம். மலாய்மொழித் தாள்களும் இருவகைப் பள்ளிகளுக்கும் வெவ்வேறாகவே இருந்தன. ஐந்து படி ஏறியவரையும் ஏழு படி ஏறியவரையும் நிறுத்தி, "உச்சியை அடைந்தோர் எத்தனை பேர்?" என்று மட்டும் கேட்பது நேர்மையான ஒப்பீடு ஆகாது. இன்றும் மதிப்பீட்டு எண்களைக் காணும்பொழுது, இரு பள்ளிகளையும் அளந்த கோல் ஒன்றுதானா என முதலில் வினவ வேண்டும்.

3. சிறு எண்ணிக்கையின் விளையாட்டு

ஒரு சிறு பள்ளியில் ஆறாம் ஆண்டில் 8 மாணவர் பயில்கின்றனர் எனக் கொள்வோம். அவர்களுள் 6 பேர் தேறினால் 75 விழுக்காடு. 7 பேர் தேறினால் 87.5 விழுக்காடு. ஒரே ஒரு மாணவரால் 12.5 விழுக்காடு ஏறவோ இறங்கவோ செய்கின்றது. 120 மாணவர் பயிலும் பெரிய பள்ளியில் 96 பேர் தேறினால் 80 விழுக்காடு. 97 பேர் தேறினால் 80.8 விழுக்காடு. அங்கே ஒருவரால் நேரும் மாற்றம் ஒரு விழுக்காடும் இல்லை.

தேர்வன்று ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டாலும் சிறு பள்ளியின் பெயர் பட்டியலில் கீழே சரிந்துவிடும். ஆசிரியரும் மாறவில்லை, பாடமும் மாறவில்லை. ஆதலால், சிறு பள்ளியை ஓராண்டு எண்ணால் அளத்தல் கூடாது. நான்கைந்து ஆண்டு முடிவுகளைச் சேர்த்தே காண வேண்டும்.

4. தொடங்கிய இடம்

நூறு மாணவர் கொண்ட இரு பள்ளிகளைக் கற்பனை செய்வோம். முதலாம் ஆண்டு இறுதியில் வாசிப்பில் தேறியோரைக் கணக்கிடுகின்றோம்.

க பள்ளி: பாலர் பள்ளிக்குச் சென்று வந்தோர் 20 பேர், அவர்களுள் தேறியோர் 18 (90 விழுக்காடு). பாலர் பள்ளிக்குச் செல்லாதோர் 80 பேர். அவர்களுள் தேறியோர் 56 (70 விழுக்காடு). மொத்தம் 74.

ச பள்ளி: பாலர் பள்ளிக்குச் சென்று வந்தோர் 80 பேர், அவர்களுள் தேறியோர் 68 (85 விழுக்காடு). செல்லாதோர் 20 பேர். அவர்களுள் தேறியோர் 12 (60 விழுக்காடு). மொத்தம் 80.

மொத்தத்தைப் பார்த்தால் ச பள்ளியே முந்துகின்றது. ஆனால், பாலர் பள்ளிக்குச் சென்றோரிலும் க பள்ளி முன்னே நிற்கின்றது. செல்லாதோரிலும் க பள்ளியே முன்னே நிற்கின்றது! இவ்வியப்புக்குக் காரணம் யாது? ச பள்ளிக்கு வந்தோருள் பெரும்பாலோர் எழுத்தறிந்தே வந்தனர். க பள்ளியோ எழுத்தறியாமல் வந்த பிள்ளைகளையே மிகுதியாக ஏற்றுக் கைப்பிடித்து அழைத்துச் சென்றது. எந்தப் பிள்ளையை எங்கே சேர்ப்பினும் பயன் மிகுதியாகத் தரக்கூடியது, 74 என்று இகழப்பட்ட அந்தப் பள்ளியே.

'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பர். ஒரே உலையில், ஒரே நேரத்தில் இட்ட அரிசிக்கு அது பொருந்தும். வெவ்வேறு வீடுகளிலிருந்து வெவ்வேறு நிலையில் வரும் பிள்ளைகளுக்கு அது பொருந்தாது.

5. ஆசிரியர் விகிதமும் வசதியும்

24 மாணவருக்கு 8 ஆசிரியர் என்றால், ஓர் ஆசிரியருக்கு 3 மாணவர். கேட்பதற்கு இனிமையாகவே இருக்கின்றது. ஆயினும், 150 பேருக்கும் குறைவான மாணவரைக் கொண்ட பள்ளிகளில் ஓராசிரியரே பல பாடங்களைக் கற்பிக்க நேர்கின்றது. மாணவர் மிகவும் குறைந்தவிடத்து, இரண்டு ஆண்டு மாணவர் ஒரே வகுப்பறையில் அமர்ந்து பயில்வதும் உண்டு. ஆண்டு மானியமும் மாணவர் தலைக்கு இவ்வளவு என்றே கணக்கிடப்படுகின்றது; மாணவர் குறைந்தால் மானியமும் குறையும். ஆனால், கூரை ஒழுகினால் பெரிய பள்ளிக்கும் சிறிய பள்ளிக்கும் மழை ஒன்றுதான்.

மறுபுறம், சிறு பள்ளியில் ஒவ்வொரு மாணவரையும் தலைமையாசிரியர் பெயர் சொல்லி அழைப்பார். திடலிலும் மேடையிலும் எல்லாருக்கும் வாய்ப்புண்டு. பெரிய பள்ளியில் தோழமையும் போட்டியும் மிகுதி. இருவகையிலும் நிறையும் உண்டு, குறையும் உண்டு. சிறு பள்ளி என்பதற்காக அதன் குறைகளை மறைத்தலும் நேர்மை அன்று.

6. கேட்க வேண்டிய கேள்விகள்

பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோர் நேரில் சென்று இவற்றை வினவுதல் நலம்:

வாசிக்கத் தெரியாமல் வரும் பிள்ளைக்கு இப்பள்ளி என்ன செய்கின்றது? இரண்டாம் ஆண்டு இறுதிக்குள் எத்தனை பேர் தடையின்றி வாசிக்கின்றனர்? ஆசிரியர்கள் அடிக்கடி மாறுகின்றனரா? நூலகம் திறந்திருக்கின்றதா, பூட்டியிருக்கின்றதா? பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் கூடுகின்றதா? பிள்ளை பள்ளிக்குச் சென்று திரும்ப எவ்வளவு நேரம் ஆகும்?

இவற்றின் விடைகள் எந்தப் பட்டியலிலும் இரா. பள்ளி வளாகத்துள் அரை நாள் நின்றால் கண்ணாரக் காணலாம்.

முடிவுரை

ஒப்பிடுதல் தீதன்று. ஒப்பிட்டுப் பார்த்தால்தான் பின்தங்கிய பள்ளிக்கு எவ்வுதவி தேவை என்பது விளங்கும். சிறந்த பள்ளியின் நல்ல முறையை மற்றப் பள்ளிகளும் மேற்கொள்ளலாம். ஆனால், ஒரு பள்ளியைத் தாழ்த்துவதற்காக ஒப்பிடுவது அப்பள்ளியில் பயிலும் பிள்ளைகளையே தாழ்த்துவதாகும். ஆகவே, எண்ணைக் காண்போம். அவ்வெண்ணுக்குப் பின்னே நிற்கும் பிள்ளையையும் காண்போம்.

பயிற்சி

1. ஒரு வகுப்பில் 5 மாணவர் உள்ளனர். ஒருவர் கூடுதலாகத் தேறினால் தேர்ச்சி எத்தனை விழுக்காடு உயரும்?
2. க பள்ளி, ச பள்ளி ஆகியவற்றின் எண்களை அட்டவணையாக எழுதுக. எப்பள்ளி சிறப்பாகக் கற்பிக்கின்றது என்பதைக் காரணத்துடன் விளக்குக.
3. உங்கள் பள்ளியில் எண்ணால் அளக்க முடியாத சிறப்புகள் மூன்றனை எழுதுக.