நாமே செய்யும் இயந்திரப் பொம்மை

'ரோபோ' என்றதும் மனிதனைப்போல் நடந்து பேசும் இரும்பு உருவமே நம் மனக்கண்முன் தோன்றுகிறது. அச்சொல்லை உலகிற்கு அளித்தது, செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920ஆம் ஆண்டில் எழுதிய நாடகமாகும். செக் மொழியில் 'ரொபோட்டா' என்றால் கட்டாய உழைப்பு என்று பொருள். மனிதனுக்காக உழைக்கும் பொறியே ரோபோ. மனித உருவம் அதற்குத் தேவையில்லை. ஆனால் மூன்று ஆற்றல்கள் வேண்டும்: சூழலை உணர்தல், முடிவு செய்தல், செயற்படுதல்.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் கிரே வால்டர் என்னும் அறிஞர் 1948, 1949ஆம் ஆண்டுகளில் இரண்டு இயந்திர ஆமைகளைச் செய்தார். அவை ஒளியைத் தேடிச் செல்லும். தடையில் மோதினால் விலகிப் போகும். போரில் எஞ்சிய பொருள்களும் பழைய கடிகாரங்களின் உறுப்புகளுமே அவற்றிற்கு மூலப்பொருள்கள். பிறர் கழித்தவை அவருக்குக் கருவூலமாயின.

நம் சிங்கப்பூரிலும் பழம்பொருள்களை நாடியோர் பலர். தேக்காவுக்கு அருகில், சுங்கை ரோட்டில் ஏறத்தாழ 80 ஆண்டுகள் நடந்த பழம்பொருள் சந்தை 10.7.2017 அன்று மூடப்பட்டது. ஆயினும் ஜாலான் புசாரில் உள்ள சிம் லிம் டவர் கட்டடத்தில் மின்னணு உறுப்புகள் விற்கும் கடைகள் உள்ளன. அங்குச் செல்லுமுன், வீட்டில் உடைந்து கிடக்கும் மின்கலப் பொம்மையைப் பாருங்கள். அதிலுள்ள சிறு மோட்டார் இன்னும் சுழலக்கூடும்.

இனி, படம் வரையும் பொம்மை ஒன்றைச் செய்வோம். நெகிழிக் குவளை ஒன்றைக் கவிழ்த்து, அதன் வெளிப்புறத்தில் மூன்று வண்ணப் பேனாக்களை முனை கீழே இருக்குமாறு ஒட்டுக. அவையே அதன் கால்கள். குவளையின் மேல், சுழலும் தண்டு வெளியே நீண்டிருக்குமாறு மோட்டாரைப் பொருத்துக. தண்டில் அழிப்பான் துண்டு ஒன்றை, நடுவில் அன்றி ஓரமாகச் செருகுக. 1.5 வோல்ட் மின்கலங்கள் இரண்டை மின்கலப் பெட்டியில் இட்டு, கம்பிகளை இணைத்துத் தாளின்மேல் வைத்தால், பொம்மை துள்ளித் துள்ளிக் கோலமிடும். காரணம் யாது? எடை ஒருபுறமாக இருப்பதால், சுழலும்போது குவளை முழுவதும் அதிர்கிறது.

பொம்மை அசையவில்லையாயின் மனம் தளர வேண்டா. மின்கலங்களின் முனைகள் மாறியுள்ளனவா? கம்பி நழுவியதா? அழிப்பான் குவளையில் உரசுகிறதா? ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். ஒரே நேரத்தில் பலவற்றை மாற்றினால், எது குறை என்பது விளங்காது. பொம்மையினும் இப்பழக்கமே பெரும் பயன்.

இப்பொம்மை செயற்படுகிறது, ஆனால் உணர்வதில்லை, முடிவு செய்வதுமில்லை. ஆகவே இது ரோபோவுக்கு முதற்படியே. அடுத்த படிக்கு 'மைக்ரோபிட்' என்னும் சிறு மின்பலகை உதவும். 2017 முதல் நம் நாட்டுப் பள்ளிகளில் அறிமுகமான அப்பலகையில் 25 சிறு விளக்குகளும் இரு பொத்தான்களும் உள்ளன. ஒளியையும் வெப்பத்தையும் அசைவையும் அது அறியும். "இருட்டினால் நில்" என்று நாம் அதற்குக் கட்டளை எழுதலாம்.

எச்சரிக்கை! சுவரில் செருகும் மின்சாதனங்களைத் திறக்கவே கூடாது. அவற்றில் பாயும் 230 வோல்ட் உயிரைப் பறிக்கும். பொத்தான் மின்கலங்களைத் தம்பி தங்கையருக்கு எட்டாமல் வையுங்கள். விழுங்கினால் சில மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கும். தீர்ந்த மின்கலங்களை மின்கழிவுத் தொட்டியில் இடுங்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். உடைந்த பொம்மையைக் கழற்றும் பிள்ளையைக் கடிந்துகொள்ளாமல், அருகில் அமர்ந்து பாருங்கள். நம் நாட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 டன் மின்கழிவு சேருகிறது. எறிவதற்குமுன் "இது எவ்வாறு இயங்கிற்று?" என வினவும் பிள்ளை, பொருள்களை வாங்குவோனாக மட்டும் நில்லாமல் ஆக்குவோனாகவும் வளர்வான். கைகள் முயலட்டும், அறிவு மலரட்டும்!